கடலுக்குச் சிப்பி கொடுத்தவர்

கடலிலிருந்து எடுத்தவர்களை எங்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் காட்டலாம். கடலுக்குத் திருப்பிக் கொடுத்தவர் என்று எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். வாரத்துக்கு ஒரு பை சிப்பி கொடுத்தார். கன்னியாகுமரியில் சங்கும் சிப்பியும் மொத்தமாக விற்கும் கடையில் வாங்குவார். விடிகிற நேரத்தில் வள்ளத்தில் கொண்டுபோய், பாறைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு துண்டு மணலில் தூவிவிட்டு வருவார். இரண்டு மணி நேரம் கழித்து அதே வள்ளத்தில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு அதே மணலுக்குப் போவார். அவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு பொறுக்குவார்கள். இதற்குப் பெயர் ‘சிப்பி சேகரிப்பும் கடல் உயிர்க் காட்சியும்’. கரையில் நட்டிருந்த பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்தவன் நான்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர் என்பது போதும். நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு டியூஷன் சென்டரில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். எம்.எஸ்ஸி., முதல் வகுப்பு. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் மாவட்டத்தில் கல்லை விட்டெறிந்தால் அது ஒரு பட்டதாரியின் மேல்தான் விழும். சனி, ஞாயிறுகளில் மட்டும் நான் அவருடைய வள்ளத்தில் ‘கடல் உயிரின நிபுணர்’. அதற்கென்று ஒரு தொப்பியும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பைனாகுலரும் அவரே வாங்கித் தந்தார். பைனாகுலரில் ஒரு கண் தெரியாது. சொன்னேன்.

‘நீங்க அதுல பாக்கவா போறிய சாரே? கழுத்துல சும்மா கெடக்கட்டும்’ என்றார்.

சுனாமி கழிந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்த நேரம். யார் யாரோ வந்து எங்கள் கரைகளுக்கு ஃபைபர் வள்ளம் கொடுத்துவிட்டு, கூடவே நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மீனைவிட வள்ளம் அதிகம் என்று ஆகிவிட்டது. அவருக்கும் ஒன்று கிடைத்தது. மீன்பிடியில் அவருக்கு ராசி போதாது என்று ஊரில் சொல்வார்கள். ராசிக்கு என்ன குறை, பொறுமைதான் கிடையாது என்பார் அவர் மனைவி. வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் பேச ஆள் வேண்டும் அவருக்கு. மீன் பேசாது. அதனால்தான் பேசுகிற ஜாதியாகப் பார்த்து வள்ளத்தில் ஏற்ற ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் அவரும் நேர்மையாகத்தான் இருந்திருக்கிறார். முதல் சீசனில் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பிள்ளைகள் மணலில் ஓடி ஓடித் தேடியதில் கிடைத்தவை ஒரு ஒற்றைச் செருப்பு, கொஞ்சம் அறுந்த வலை, நாலு உடைந்த மட்டிச் சிப்பி. திரும்பி வந்து இறங்கும்போது அந்த அப்பா மரியாதைக்கு, ‘நல்லாத்தான் இருந்துச்சு’ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியம் இவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

‘விருந்துக்கு வந்தவன் சாப்பிட்டுட்டு, சோறு நல்லாத்தான் இருந்துதுன்னு சொன்னா என்ன அர்த்தம் சாரே? குழம்புல உப்பில்லன்னு அர்த்தம். நம்ம கடலப் பாத்து ஒருத்தன் அப்பிடிச் சொல்லிட்டுப் போகவா?’

அடுத்த சனிக்கிழமை முதல் பை வந்தது.

இதை ஏதோ ஏமாற்று வேலை என்று யாரும் லேசாக நினைத்துவிடக் கூடாது. அதில் அவர் பட்ட பாடு ஒரு விவசாயி படாத பாடு. கடையில் வாங்கும் சிப்பி பளபளவென்று இருக்கும். அதைக் கடல் தண்ணீரும் சேறும் கலந்து மூன்று நாள் ஊறப்போட்டு, மணலில் தேய்த்துப் பளபளப்பைக் கெடுப்பார். குவியலாகப் போட மாட்டார். பாதியைப் புதைப்பார், பாதியை அலை விட்டுப்போன பாசியோடு சேர்த்து வைப்பார். கூட்டத்தில் சேராமல் தனியாக நடந்து போகிறவர்கள் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள் என்று மணலின் கோடியில் இரண்டு மூன்று நல்ல சங்கு போட்டுவைப்பார். வயதானவர்களுக்கென்று இடுப்புயரப் பாறை இடுக்கில் சில. ‘அவங்களால குனிய முடியாதில்லா’ என்பார். சட்டம் தடுத்த சங்கு எதையும் தொட மாட்டார். இந்த விஷயத்தில் மட்டும் என் ஆலோசனையைக் கேட்டு அப்படியே நடந்தார். ஆகவே என் படிப்பு வீண் என்று சொல்ல முடியாது.

அவர் மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. ஒரு நாள் நான் வீட்டுக்குப் போனபோது வாசலில் வைத்தே சொன்னார். ‘சாரே, கடக்கரையில நாலு வீடு தள்ளிப் போய்ப் பாருங்க, பானையில மீனு ஊறும். இங்க சிப்பி ஊறுது. குழம்பு வைக்கவா, மாலை கோக்கவா?’

வந்தவர்களின் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முந்தின நாள் கன்னியாகுமரியில் இதே சோழியை ஒரு பையன் முகத்துக்கு நேரே நீட்டியபோது ‘வேண்டாம், போப்பா’ என்று தள்ளிவிட்டு நடந்தவர்கள்தான் இவர்கள். அதே சோழி மணலில் பாதி புதைந்து கிடந்ததும் முழந்தாளிட்டு எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. எத்தனை பேர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்! நான் கழுத்துப் பைனாகுலரைச் சரிசெய்துகொண்டு ஒரு லத்தீன் பெயரைச் சொல்வேன். லத்தீன் பெயர் மட்டும் எப்போதும் சரியாகவே சொன்னேன். எனக்கும் ஒரு மனசாட்சி உண்டு.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். ஒரு சின்னப் பெண் ஓடிவந்து ஒரு சோழியை நீட்டினாள். அதில் அழகாக ஒரு துளை. துளையில் ஒரு இரும்பு வளையம். சாவிக்கொத்துக்கென்று செய்தது, மூட்டையில் கலந்து வந்துவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் அசரவில்லை.

‘மக்கா, கடல்ல ஒரு நத்தை உண்டு. அது மத்த சிப்பியில துளை போட்டு உள்ள இருக்கதத் திங்கும். அந்தத் துளைதான் இது. சாரே, நான் சொல்லுகது சரிதானே?’

சரிதான். அப்படி ஒரு நத்தை உண்மையிலேயே இருக்கிறது, நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். தின்று முடித்ததும் வளையம் மாட்டிவிட்டுப் போகும் என்று மட்டும் பாடத்தில் இல்லை. நான் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வளையத்தை மெதுவாகக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டுவிட்டார்.

ஆமையும் அப்படித்தான். ஆமை காட்டாமல் யாரையும் அவர் கரைக்கு அனுப்பியதில்லை. ஆமை வராத நாளில், வலைக்காரர்கள் மிதவையாகக் கட்டியிருக்கும் கறுப்புக் கேன் இருக்கவே இருக்கிறது. தூரத்தில் அலையில் ஏறி இறங்கும். ‘அதோ!’ என்று எஞ்சினை அணைப்பார். ‘சத்தம் போடாதுங்க, பயந்துரும்’ என்பார். எட்டுப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கேனைக் கும்பிடுவார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா அழுதேவிட்டார். என்ன வகை ஆமை என்று என்னைக் கேட்டார்கள். பங்குனி ஆமை என்றேன். அது மார்கழி மாதம்.

ஆனால் நிஜமாகவே ஓங்கல் கூட்டம் வரும் நாள்கள் இருந்தன. டால்பினைத்தான் எங்கள் கரையில் ஓங்கல் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு சேர்ந்து வள்ளத்துக்கு இரண்டு பக்கமும் எழும்பி எழும்பி வரும். அந்த நாள்களில் அவர் வாயே திறக்க மாட்டார். விரல் நீட்டிக் காட்டக்கூட மாட்டார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, சுக்கானைப் பிடித்தபடி, கோயிலில் ஃபாதர் நற்கருணை தூக்கும் நேரத்தில் நிற்பதுபோல நிற்பார். அத்தனை பேச்சுக்காரர் அப்படி நின்றதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகுதான் வள்ளம் இறங்கும். ஒரு நாள் கேட்டேன், ‘அண்ணே, பாவசங்கீர்த்தனத்துல இந்தச் சிப்பி விஷயத்தச் சொல்லுவியளா?’

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. ‘அதுல என்ன பாவம் சாரே? வீட்டுக்கு ஆளு வருவு. பலகாரம் இல்ல. கடையில முறுக்கு வாங்கித் தட்டுல வச்சி, வீட்டுல சுட்டது, தின்னுங்கன்னு சொல்லுகோம். அத ஃபாதர்ட்டப் போயிச் சொல்லுவியளா?’

இப்படி முறுக்குத் தட்டு நன்றாகவே நடந்துகொண்டிருந்தபோதுதான் டீச்சர் வந்தார்.

மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. எங்கள் கரையின் சங்கு சிப்பிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். நாள் கடந்துகொண்டே போன ஆய்வு. மற்றவர்கள் போன பிறகு, சனிக்கிழமை மதியம் தன்னைத் தனியாக அந்த மணலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். காலையில் தூவியதையெல்லாம் அதற்குள் காலைக் கூட்டம் துடைத்து எடுத்திருக்கும். ஆகையால் டீச்சருக்குக் கிடைத்ததெல்லாம் கடல் தானாகக் கொடுத்தது. அதாவது ஒன்றுமில்லை. உடைந்த துண்டுகளைக்கூட விடாமல் எடுத்துப் பார்த்து, நோட்டில் குறித்துவிட்டு, ‘இன்னைக்கும் அதே ஏழு வகைதான்’ என்பார். மூன்று சனிக்கிழமை அப்படியே போனது.

நாலாவது சனிக்கிழமை திரும்பி வரும்போது வள்ளத்தில் உட்கார்ந்து டீச்சர் தன் கதையைச் சொன்னார். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் உண்டு. ‘புதுசா ஒண்ணுகூட இல்லாம இதை என்னத்துக்கு எழுதிட்டு வாறீங்கன்னு கேக்காரு சார்’ என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சுக்கான் பக்கம் பார்த்தேன். அவர் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளி சாப்பிடாமல் கை கழுவினால் வீட்டுக்காரருக்கு ஒரு முகம் வருமே, அது வந்திருந்தது. அப்போதே நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை டீச்சருக்கு ஒரு சோழி கிடைத்தது. விரல் நகம் அளவுதான். முதுகில் சிவப்புப் புள்ளி, ஓரத்தில் பச்சை. டீச்சர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்த புத்தகங்களை மணலிலேயே விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிலும் நம் கடற்கரைக்கென்று அது குறிக்கப்படவில்லை. குறிக்கப்பட்டிருக்காது. அது பிலிப்பைன்சிலிருந்து கப்பலில் மூட்டை மூட்டையாக வருவது, மாலையும் சாவிக்கொத்தும் செய்ய. அந்த மூட்டையை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

‘சார், நீங்க என்ன நெனக்கிறீங்க?’ என்று கேட்டார் டீச்சர்.

‘அபூர்வந்தான் டீச்சர்’ என்றேன்.

ஒரு தாளை எடுத்தார். இடம், நாள், நேரம், கண்டெடுத்தவர், உடன் இருந்தவர். உடன் இருந்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் பட்டத்தோடு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்கு முதுகலைப் பட்டமும் இருந்தது. ஏன் போட்டேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மையான காரணம், என் பெயர் ஒரு ஆராய்ச்சியில் அச்சாகப் போகிறது என்கிற ஆசை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தவளையின் இதயத்தைப் பத்து வருடமாக வரைந்துகொண்டிருந்தவனுக்கு அந்த ஆசை வருவது இயற்கை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பின்னும் இரண்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றாக, இரண்டு சோழி. ‘கூடுதலா வச்சா சந்தேகம் வரும் சாரே’ என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லிப் பூரித்தார் அவர். நான் இன்னும் இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் ஒரு பாக்கெட் ஏத்தங்காய் சிப்ஸோடு கரைக்கு வந்தார். அன்று வள்ளத்தில் ஏறவில்லை. ஆய்வேடு தட்டச்சு ஆகிவிட்டது, அடுத்த மாதம் கொடுக்கிறார், அந்தச் சோழிக்குத் தனியாக ஒரு அத்தியாயம். பேராசிரியர் முதல் தடவையாக ‘நன்று’ என்று எழுதியிருக்கிறாராம். நன்றிப் பக்கத்தில் வள்ளக்காரர் பெயரை, அப்பா பெயரோடு, ஊர் பெயரோடு போட்டிருந்தார். அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் இவர். ரேஷன் கார்டுக்கு வெளியே தன் பெயர் அச்சில் வந்து அவர் கேட்டதில்லை. டீச்சர் போகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

போன பிறகு என்னிடம் கேட்டார். ‘சாரே, தனி அத்தியாயம்னா என்னது? டீச்சர் அத காலேஜ்ல கண்ணாடிப் பெட்டியில வைக்கத்தானே கொண்டுபோனாவ?’

‘இல்லண்ணே. இந்தச் சோழி நம்ம கடல்ல உயிரோட இருக்குன்னு எழுதுதாவ. இனிமே புஸ்தகத்துல எல்லாம் அப்பிடித்தான் வரும். நாளைக்கு ஒருத்தன் இதத் தேடி இங்க வருவான்.’

அவர் கையிலிருந்த சிப்ஸைப் பாக்கெட்டிலேயே திருப்பிப் போட்டார்.

‘அது பொய்யில்லா?’

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ‘இம்புட்டு நாளா நாம என்ன வேதமா ஓதினோம்? கறுப்புக் கேன ஆமைன்னு காட்டுனவரு நீங்கதானே?’

‘அது வந்தவங்களுக்குச் சொன்னது சாரே. அவங்க வீட்டுக்குப் போயி நாலு நாள்ல மறந்துருவாங்க. இது கடலப் பத்திச் சொல்லுகது.’ வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். ‘மீனு எங்க கெடக்குன்னு கேட்டா நாங்க கூடப்பொறந்தவன்ட்டயும் பொய்தான் சொல்லுவோம். அதுல குத்தமில்ல. பாறை எங்க கெடக்குன்னு கேட்டா, வெட்டுப்பழிப் பகை உள்ளவன் கேட்டாலும் உள்ளத உள்ளபடி சொல்லணும். மாத்திச் சொன்னா அவன் வள்ளம் ஒடையும். டீச்சர் எழுதுகது மீனு கணக்கில்ல சாரே, பாறைக் கணக்கு.’

‘சொன்னா டீச்சருக்கு இந்த வருஷம் போயிரும். உங்க பொழப்பும் போயிரும்’ என்றேன். என் கையெழுத்தைப் பற்றி நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

‘போனா போட்டு. கொடுக்கதுக்கு முன்னால தெரிஞ்சா ஒரு வருஷந்தான் போவும். கொடுத்ததுக்கப்புறம் தெரிஞ்சா டீச்சருக்கு மொகமே போயிருமே. செவ்வாக்கிழமை காலேஜுக்குப் போவம். எனக்கு அங்க பேசத் தெரியாது. நீங்க கூட வாருங்க.’

செவ்வாய்க்கிழமை எனக்கு டியூஷன் இருக்கிறது என்றேன். செவ்வாய்க்கிழமை டியூஷன் சாயங்காலம் ஐந்து மணிக்கு. அது அவருக்கும் தெரியும். ‘சரி சாரே’ என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முழுவதும் செல்போனைப் பார்த்தபடியே இருந்தேன். புதன்கிழமை மதியம் டீச்சர் அழைத்தார். என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று மூன்று விதமாகத் தயார் செய்துவைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவரே பேசிக்கொண்டு போனார்.

வள்ளக்காரர் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் வந்திருக்கிறார். ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் இருந்த நேரம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஒரு பையை மேஜைமேல் கவிழ்த்திருக்கிறார். சிவப்புப் புள்ளி, பச்சை ஓரம், அதே சோழி, ஒரு படி இருக்கும். மேஜையிலிருந்து உருண்டு தரையெல்லாம் ஓடியது என்றார் டீச்சர். ‘டீச்சர், இது நம்ம கடல்ல இல்ல. நான் கடையில வாங்கி உங்க காலடியில போட்டது. அத எழுதாதுங்க’ என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்திருக்கிறார்கள்.

‘எனக்கு வந்த கோபத்துல, போயிட்டு வாருங்கன்னுகூடச் சொல்ல வாய் வரல்ல சார். அத்தியாயத்தக் கிழிச்சிட்டேன். எங்க கைடு சாரு இனி முடியாதுன்னுட்டாரு. வேற ஆளு பாத்து மறுபடியும் முதல்ல இருந்து தொடங்கணும்’ என்றார். ‘ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். இதே மாதிரி பை ஒண்ணு, நான் பட்டம் வாங்குன பொறவு என் மேஜைக்கு வந்திருந்தா? ஒரு தடவ அவரப் பாத்துப் பேசணும் சார்.’

‘பேசுங்க டீச்சர்’ என்றேன்.

‘உங்களப் பத்தியும் அவர்ட்டக் கேட்டேன். மூணு தாள்லயும் கையெழுத்து போட்டிருக்காரே, அந்த சாருக்கு இது தெரியுமான்னு.’

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

‘பதறிட்டாரு சார். அய்யோ, சாருக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர், அவரு படிச்ச மனுசன், அவரையும் நாந்தான் ஏமாத்திட்டேன்னு சொன்னாரு. அதச் சொல்லும்போதுதான் அவருக்குக் கண்ணு நெறஞ்சிது.’

முதல் வகுப்பில் தேறிய விலங்கியல்காரனுக்கு உள்ளூர்ச் சோழி எது, கப்பலில் வந்த சோழி எது என்று தெரியாது என்பதை ஒரு கல்லூரியின் ஆசிரியர் அறை முழுக்கக் கேட்டிருக்கிறது. பொய்யன், மடையன், இரண்டில் ஒன்றாகத்தான் நான் அங்கே இருந்திருக்க முடியும். எனக்கு எது பரவாயில்லை என்று அந்த மேஜை முன்னால் நின்றுகொண்டு அவர் யோசித்திருக்கிறார்.

‘பாவம் சார் நீங்க. உங்க பேரும் சேந்து கெட்டிருக்கும்’ என்றார் டீச்சர். பிறகு, ‘ஹலோ, சார், கேக்குதா?’ என்றார்.

‘கேக்குது டீச்சர்’ என்றேன். ‘நானும் நல்லா ஏமாந்துட்டேன்.’